மே முதல் வாரம் சுவிஸ் ஆல்ப்ஸ்: எங்கே தங்கலாம்?

கேள்வி: இன்டர்லாகன் பக்கம் ஐந்து நாள். கூட வயதான அம்மா, அப்பா. கார் எடுத்து ஃபுர்கா, சுஸ்டன் கணவாய்களைப் பார்க்க முடியுமா?

பதில் 1: முடியாதுங்க. 2,200 மீட்டருக்கு மேலே உள்ள அந்த ரோடுகளில் பனியை அகற்றித் திறக்கவே பெரும்பாலும் ஜூன் ஆகிவிடும். காரை விட்டுவிட்டு இன்டர்லாகன் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரான லாட்டர்புருன்னனில் தங்குங்கள். பனி உருகும் நேரம் என்பதால் அருவிகள் கொட்டும். 297 மீட்டர் ஸ்டௌபாக் அருவி ஊருக்குள்ளிருந்தே தெரியும். ட்ரூமெல்பாக் அருவி பாறைக்குள்ளே. லிஃப்ட் உண்டு, ஆனாலும் ஈரப் படிகள் ஏறணும். பெரியவர்களுக்கு வழுக்காத ஷூ கட்டாயம்.

பதில் 2: ஒன்று விட்டுப்போச்சு. ஏப்ரல், மே மாதங்களில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். ரூம் போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் தேதியையும் பாருங்கள். பனிமலை மேலே உள்ள யுங்ஃபிராயோக் நிலையத்துக்கு ரயில் ஓடும், ஆனால் உயரம் 3,454 மீட்டர். இதய, மூச்சுத் தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டிப்போக வேண்டாம். சுவிஸ் டிராவல் பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில், பஸ் பாஸ்) அந்த வழியில் உள்ள வெங்கன், கிரிண்டல்வால்ட் ஊர்கள் வரைதான் செல்லும். அதற்கு மேல் 25% தள்ளுபடி மட்டுமே. டிக்கெட்டைக் காலையில் வெப்கேமராவில் மேகம் பார்த்துவிட்டு வாங்குங்கள், முன்பதிவில் பணம் போட்டு வெள்ளைச் சுவரைப் பார்ப்பானேன்?

கேள்வி கேட்டவர்: நடக்க ஏதாவது?

பதில் 1: லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஸ்டெக்கல்பெர்க் ஊர் வரை பெரும்பாலும் சமதளம். உயரத்தில், நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் பனி கிடக்கும். மதியத்துக்கு மேல் இளகிச் சரியும். அங்கே போகாதீர்கள்.