தீம் பார்க் வேலையை விட்டுச் சேலம் வந்துவிட்டேன், 6 வருட அனுபவத்தை இங்கே எப்படிச் சொல்லி வேலை கேட்பது?

அம்மாபேட்டை_தறிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். வயது 29, ஐடிஐ எலக்ட்ரீஷியன். சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்கில் 6 வருடம் 2 மாதம் ரைடு ஆபரேட்டராக இருந்தேன், எழுதிக் கொடுத்துவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து தறியில் உட்கார முடியவில்லை, தங்கையும் கல்யாணமாகிப் போய்விட்டாள், வீட்டுக்கு ஆள் வேண்டும். அதோடு ஊர் முழுக்கக் குடும்பத்தோடு இருக்கும் நாளில்தான் எங்களுக்கு வேலை ஜாஸ்தி, ஆறு தீபாவளியில் ஒன்றுக்குத்தான் வீட்டில் இருந்தேன். விட்டதில் வருத்தம் இல்லை.

போன வாரம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு மில்லில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள் என்று போனேன். பயோடேட்டாவைப் பார்த்தவர் "ராட்டினம் சுத்திக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சீட்டாகப் போய் லாக் பாரை அமுக்கி, 'டக்' சத்தம் கேட்டபிறகு மறுபடி மேலே இழுத்துப் பார்ப்பேன். நுனிக்காலில் நின்று உயரக் கோட்டைத் தொடப் பார்க்கும் குழந்தையை, அது அழுதாலும் அப்பா சண்டைக்கு வந்தாலும், இறக்கி விடுவேன். ஒரு மழை நாளில் கரண்ட் போய் ரைடு பாதியில் நின்று, 16 பேரையும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே படி வழியாக ஒவ்வொருவராக இறக்கினோம். இதையெல்லாம் தாளில் எப்படி எழுதுவது?

இன்னும் இரண்டு: ரிலீவிங் லெட்டரும் கணக்கு முடித்த பணமும் இன்னும் வரவில்லை, போன் செய்தால் அடுத்த வாரம் என்கிறார்கள். பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா? நண்பன் ஒருவன் ஏற்காட்டில் ரிசார்ட்டுக்குக் கூப்பிடுகிறான், போகலாமா?

கோரிமேடு_எச்ஆர்:
தம்பி, முதலில் பணம். கணக்கு என்று சொன்னீர்களே, அதில் கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை பார்த்ததற்காக விடும்போது நிறுவனம் மொத்தமாகத் தரும் பணிக்கொடை, சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா? பலர் கேட்பதே இல்லை. 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், நீங்களாகவே ராஜினாமா செய்திருந்தாலும் அது உங்களுக்குச் சேர வேண்டியது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 13,000 என்றால் வருடத்துக்கு 7,500, உங்கள் 6 வருடத்துக்கு 45,000. போனில் கேட்டுக்கொண்டே இருக்காமல் எழுத்தில் விண்ணப்பம் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் தர வேண்டும். தரவில்லை என்றால் அந்தப் பார்க் இருக்கும் பகுதிக்கான தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், இதற்கு வக்கீல் கட்டாயம் இல்லை. அதே கடிதத்திலேயே ரிலீவிங் லெட்டரையும் கேட்டுவிடுங்கள்.

பிஎஃப்பை இப்போது தொடாதீர்கள். அதோடு ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்திருக்கிறது, 10 வருடச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். உங்களுக்கு 6 முடிந்துவிட்டது. புது வேலையில் அதே யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கொடுத்து மாற்றிக்கொண்டால் பழைய சேவையும் கணக்கில் வரும், இன்னும் 4 வருடம்தான். வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அவர்கள் போடவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போடலாம்.

அஸ்தம்பட்டி_லிஃப்ட்:
சகோ, அந்த மில்காரர் கேட்டதை மனதில் வைக்காதீர்கள், அவருக்கு அந்த வேலை தெரியாது, அவ்வளவுதான். நான் 11 வருடமாக லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். லிமிட் சுவிட்ச், டோர் சென்சார், பிரேக், கண்ட்ரோல் பேனல், எமர்ஜென்சி ஸ்டாப், நடுவில் மாட்டிக்கொண்ட ஆளைப் பதறாமல் இறக்குவது, இதுதான் எங்கள் நாள் முழுக்க. நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எங்கள் ஆள் ஒருவர் எழுதினது போலவே இருந்தது. தமிழ்நாட்டில் லிஃப்ட்டுக்கு 1997லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, உரிமம் வேண்டும், அதனால் பராமரிப்புக்கு எப்போதும் ஆள் தேவை. சேலத்தில் ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் எங்கே பார்த்தாலும் லிஃப்ட்தான்.

பயோடேட்டாவில் 'ரைடு ஆபரேட்டர்' என்ற ஒரே வரியோடு நிறுத்தாதீர்கள். தினமும் திறப்பதற்கு முன் என்னென்ன சோதித்தீர்கள், எந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்கள், கோளாறு வந்தால் யாருக்கு முதலில் சொன்னீர்கள், அந்த 16 பேர் கதை, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐடிஐ படிப்பை மேலே கொண்டு வாருங்கள். சம்பளம் ஆரம்பத்தில் பார்க்கில் வாங்கியதைவிடக் குறையலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு_நாகலூர்:
நான் மேலேயே இருப்பவள், ரிசார்ட் ஒன்றில் முன் அலுவலக வேலை. சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கும், அது உண்மை. ஆனால் நீங்கள் எதை வேண்டாம் என்று விட்டு வந்தீர்களோ அதேதான் இங்கேயும். சனி ஞாயிறு, பொங்கல், மே மாதக் கோடை விழா என்றால் வண்டி அடிவாரத்திலிருந்தே வரிசை கட்டும், அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றுதானே வந்தீர்கள், ராத்திரி ஒரு அவசரம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அம்மாபேட்டை போவதை யோசித்துப் பாருங்கள். எனக்கென்னவோ கீழேயே தேடுவதுதான் சரி என்று படுகிறது. கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறதே, அங்கே வெள்ளிக்கிழமைகளில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துவார்கள், என் தம்பிக்கு அங்கேதான் கிடைத்தது. எந்த வாரம் என்று கேட்டுக்கொண்டு போங்கள், சான்றிதழ் நகல் நாலைந்து செட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டை_தறிவீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரியே உட்கார்ந்து பிஎஃப் பார்த்தேன், விட்ட தேதி காலியாகத்தான் இருந்தது, நானே போட்டுவிட்டேன். கிராஜுவிட்டி என்று ஒன்று எனக்கு வரும் என்பதே நேற்றுவரை தெரியாது, கூட வேலை பார்த்து விட்டுப்போன மூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன், அதில் இருவர் 5 வருடம் தாண்டியவர்கள். கடிதம் இன்று காலை தபாலில் போய்விட்டது. பயோடேட்டாவை மாற்றி எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "இவ்வளவு வேலையா பார்த்த?" என்று கேட்டார்.

ஏற்காடு வேண்டாம் என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். லிஃப்ட் அண்ணா, புதிதாக வருகிறவருக்கு எத்தனை மாதம் பயிற்சி, ராத்திரி அழைப்பு எவ்வளவு வரும் என்று மட்டும் சொல்லுங்கள், அம்மாவிடம் பேச வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை முகாம் உண்டா என்று நாளைக்குக் கோரிமேடு போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.