உதவி தேவை: லெப்பர்ட் கெக்கோவுக்கு 3 வாரத் தற்காலிக டப்பா. உள்ளே வேர்க்கிறது, 5 நாளாகச் சாப்பிடவில்லை

புள்ளிவால் (டொரான்டோ)

வணக்கம். என் லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் பல்லி வகை) இருந்த கண்ணாடித் தொட்டியின் அடிக்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. புதுத் தொட்டி வர 3 வாரமாகும். அதுவரை பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் மாற்றி வைத்திருக்கிறேன்.

பல்லி: பெண், 4 வயது, 62 கிராம், வால் நல்ல தடிப்பு.
டப்பா: 60 × 40 × 30 செ.மீ., உள்ளே தெரியும் பிளாஸ்டிக், கிளிப் மூடி. மூடியில் 8 ஓட்டை போட்டேன்.
சூடு: 28 × 18 செ.மீ. ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தகடு), 7 வாட், டப்பாவுக்கு அடியில். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லை, நேராகப் பிளக்கில். டப்பா கம்பளத்தின் மேல் இருக்கிறது.
தரை: தேங்காய்நார்த் தூள், 4 செ.மீ. உயரம்.
ஒளிவிடம் (பல்லி ஒளிந்துகொள்ளும் கூடு) ஒன்றுதான், மேட்டுக்கு மேலே. தண்ணீர்க் கிண்ணமும் அதே பக்கம்.

சுவரில் ஒட்டிய டயல் தெர்மாமீட்டர் 27 டிகிரி காட்டுகிறது. காலையில் மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. பல்லி பகல் முழுக்க மேட் இல்லாத மூலையில், மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. ஒளிவிடத்துக்குள் போவதே இல்லை. மேட் போதவில்லையா? பெரியது வாங்க வேண்டுமா? தொட்டிக்கே நிறையச் செலவாகிவிட்டதால் குறைந்த செலவில் வழி சொல்லுங்கள்.

வெப்பமானி

பெரிய மேட் வாங்காதீங்க. முதல்ல இப்ப இருக்கிற மேட்டைப் பிளக்கிலிருந்து உருவிடுங்க, மீதியை அப்புறம் படிக்கலாம்.

உங்க பல்லி குளிர்ல ஒதுங்கலை, சூட்டிலிருந்து தப்பி ஓடியிருக்கு. டயல் காட்டுற 27 சுவரோரக் காற்றோட சூடு. லெப்பர்ட் கெக்கோ வயிற்றை வெச்சுப் படுக்கிற இடம் தரை. அங்க என்ன சூடுன்னு அந்த டயலுக்குத் தெரியவே தெரியாது. கீழ கம்பளம், மேல 4 செ.மீ. நார்த்தூள், நடுவுல மேட். சூடு போக வழியே இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத மேட் இப்படி அடைபட்டா 45 டிகிரியைக்கூடத் தாண்டலாம். பல்லி பள்ளம் தோண்டி அடிப்பிளாஸ்டிக்கைத் தொட்டுப் படுத்தா வயிறு வெந்துடும். நார்த்தூளை விலக்கி, உங்க உள்ளங்கையை அடியில 1 நிமிஷம் வெச்சுப் பாருங்க. கையை எடுக்கத் தோணினா அது பல்லிக்கும் ஆகாத சூடு.

இப்பவே ஒரு வேலை: பல்லியைக் கண்ணாடி டம்ளர் மேலயோ தெளிவான சின்ன டப்பாவுலயோ நிற்க வெச்சு, கீழேயிருந்து வயிற்றைப் பாருங்க. வெளிர் நிறமா இருந்தா பயமில்லை. சிவப்புத் திட்டு, கொப்புளம், பழுப்பா காய்ஞ்ச தோல், இதுல எது தெரிஞ்சாலும் ஊர்வன பார்க்கிற டாக்டர்கிட்ட அன்னிக்கே போங்க. களிம்பு எதுவும் நீங்களாப் போடாதீங்க.

மேட் இல்லாம ஒரு ராத்திரி ஓடுமான்னு கேப்பீங்க. வீடு 20, 21 டிகிரி இருந்தா தாராளமா ஓடும். அந்த நேரத்துல இரை மட்டும் கொடுக்காதீங்க. சூடு இல்லாம செரிக்காது, வயிற்றுலயே கெட்டுப்போய் கக்கிடும்.

உங்க டப்பாவுக்கு இந்த மேட்டே சரி. தரை 2,400 ச.செ.மீ., மேட் 504. ஐந்தில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாம இருந்தா பல்லிக்குக் குளிர்ந்த பக்கம்னு ஒண்ணு மிஞ்சும்.

காசு செலவழிக்க வேண்டியது ரெண்டே பொருளுக்கு: சாதா ஆன்/ஆஃப் தெர்மோஸ்டாட், வயர் முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். மேட்டுக்கு விலை கூடின டிம்மிங் வகை (மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது) தேவையில்லை. ரெண்டும் புதுத் தொட்டிக்கும் ஆகும், வீண் போகாது.

செவ்வகம்

டப்பா வேலையை நான் சொல்கிறேன்.

நார்த்தூள் முழுவதையும் எடுத்துவிடுங்கள். 3 வாரத்துக்கு கிச்சன் பேப்பர் இரண்டு அடுக்கு போதும். சூடு தடைபடாமல் மேலே வரும், எச்சம் எப்படி இருக்கிறது என்று அன்றாடம் தெரியும், அழுக்கானால் தாளை மாற்றினால் முடிந்தது.

மேட்டின் ஒட்டும் பக்கத்தை உரிக்கவே வேண்டாம். ஒருமுறை ஒட்டிப் பிய்த்தால் உள்ளிருக்கும் கம்பித்தடம் மடிந்து அறுந்துபோகும், பிறகு புதுத் தொட்டிக்கு வேறு மேட் வாங்க வேண்டியிருக்கும். நான்கு ஓரத்திலும் அலுமினிய டேப் போட்டு டப்பாவின் அடியில் வெளிப்புறமாக ஒட்டுங்கள். டப்பாவைக் கம்பளத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்து, நான்கு மூலைக்கும் 5 மி.மீ. ரப்பர் கால் கொடுங்கள். மேட்டுக்கும் மேசைக்கும் நடுவே காற்றுப் போகும் இடைவெளி கட்டாயம்.

நீர்த்துளிக்குக் காரணம் ஈர நார், சூட்டுக்கு மேல் தண்ணீர்க் கிண்ணம், மேலே மட்டும் ஓட்டை, மூன்றும் சேர்ந்ததுதான். ஈரக்காற்று வெளியேற, கீழே ஒரு பக்கம் காற்று நுழைய வேண்டும். வெப்பப் பக்கச் சுவரில் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் 12 ஓட்டை, எதிர்ச்சுவரில் மூடிக்குக் கீழே 12 ஓட்டை. எல்லாம் 5 மி.மீ. போதும். டிரில் போட்டால் சில டப்பா விரிசல் விடும். சால்டரிங் அயர்னால் உருக்குவது சுத்தமாக வரும். பால்கனியில் செய்யுங்கள், அந்தப் புகை உங்களுக்கும் ஆகாது. உருகிய பிளாஸ்டிக் ஓட்டையைச் சுற்றி மோதிரம் மாதிரி உறைந்து நிற்கும். உள்பக்கம் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கீறுகிற இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். விரலைக் கீறுவது பல்லியின் கண்ணிமையையும் கீறும். கழுவி, வாசம் போகும்வரை திறந்து வையுங்கள். இதெல்லாம் பல்லியை வேறு டப்பாவில் வைத்துவிட்டு.

கிண்ணத்தைக் குளிர்ப்பக்கம் நகர்த்துங்கள். டப்பாவின் மூன்று சுவருக்கு வெளியே பழுப்புத்தாள் ஒட்டுங்கள். மூக்கை முட்டுவதில் பாதி, நான்கு பக்கமும் வெட்டவெளியாகத் தெரிவதால்.

புள்ளிவால்

மேட்டை உருவிவிட்டேன். உள்ளங்கையை 20 விநாடிகூட வைக்க முடியவில்லை. வயிற்றில் திட்டு எதுவும் இல்லை, நல்லவேளை. தெர்மோஸ்டாட் நாளை வாங்குகிறேன். அதன் சூடு அளக்கும் முனையை உள்ளே வைப்பதா, வெளியேவா? பழைய தொட்டியின் பல்பை மூடிமேல் வைக்கலாமா?

ஓணான்கூடு

முனையை உள்ளே, சூடான ஒளிவிடத்தின் தரையில் டேப் போட்டு வையுங்கள். பல்லி படுக்கும் இடத்தின் சூட்டை நேரடியாக அளப்பதுதான் முறை.

வெப்பமானி

ஓணான்கூடு, கண்ணாடித் தொட்டிக்கு ஒத்துக்கிறேன், இங்க வேண்டாம். பல்லி முனையை இழுத்துப்போட்டா, இல்ல அதுமேல சிறுநீர் விட்டா, தெர்மோஸ்டாட் குளிர்னு நினைச்சு மேட்டை ஓடவிட்டுக்கிட்டே இருக்கும். டேப் வேற பிஞ்சு பல்லித் தோல்ல ஒட்டிக்கும். முனையை மேட்டுக்கும் டப்பா அடிக்கும் நடுவுல வெச்சு வெளியிலேயே ஒட்டுங்க. உள்ள, தாளுக்குக் கீழ டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனை இருக்கட்டும். தெர்மோஸ்டாட்டை 35-ல வெச்சு 2 மணி நேரம் விட்டு உள்ள பாருங்க. உள்தரை 31-லிருந்து 33 வரணும். கூடினா ஒவ்வொரு டிகிரியா இறக்குங்க. குளிர்ப்பக்கம் 24, 25. இது நிலைச்சு நிக்குதுன்னு தெரியுற வரைக்கும் பல்லியை உள்ள விடாதீங்க.

பல்பு வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் மூடி உருகும். யூவிபி (புற ஊதாக் கதிர்) பல்பா இருந்தாலும் அந்தக் கதிர் மூடியைத் தாண்டி உள்ள போகாது. அந்தக் கதிருக்குப் பதிலா 3 வாரமும் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியை வாரத்துக்கு 2 தடவை இரைமேல தூவுங்க.

ஓணான்கூடு

சிறுநீர் விஷயம் சரி, அதை விட்டுவிட்டேன். முனை வெளியிலேயே இருக்கட்டும்.

ஒளிவிடம் மூன்று வேண்டும். காசில்லாமல் செய்யலாம்: ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பா, வெளிச்சம் புகாத எதுவும். ஓரத்தில் 5 செ.மீ. அகல வாசல் வெட்டி, வெட்டு முனையைத் தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். உயரம் குறைவாக இருக்கட்டும், முதுகு கூரையில் உரசினால்தான் அதற்குப் பாதுகாப்பாகப் படும். சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப்பக்கம் ஒன்று. மூன்றாவது தோல் உரிப்பதற்கு: மூடியோடு இருக்கும் டப்பா, பக்கத்தில் வாசல், உள்ளே நனைத்துப் பிழிந்த கிச்சன் பேப்பர். அதை மேட்டின் ஓரத்தில், பாதி மேட் மேல் பாதி வெளியே வையுங்கள். ஈரம் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்க வேண்டும், டப்பா முழுக்க அல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வறண்ட கல்காட்டுப் பல்லி இது. மற்ற இடம் ஈரப்பதம் 30–40 சதவீதம் இருந்தால் நிம்மதியாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். இடம் மாறினால் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருப்பது சகஜம், வாலில் கொழுப்பு இருக்கிறது. ஒரு வாரம் கையில் எடுக்க வேண்டாம். கிரிக்கெட் பூச்சியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், இரவில் அது பல்லியின் விரலைக் கடிக்கும். வழவழப்பான கிண்ணத்தில் மீல்வர்ம் (இரைப்புழு) 4, 5 போட்டு இரவு வைத்து, காலையில் எண்ணுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை. 62 கிராம் 56-க்குக் கீழே போனால் டாக்டர்.

கொடிக்கால்

இடையில் ஒரு கேள்வி. இதே டப்பாவில் கிரெஸ்டட் கெக்கோ என்ற வேறு வகைப் பல்லியை ஒரு வாரம் வைக்கலாமா?

செவ்வகம்

டப்பா அதே, அமைப்பு வேறு. லெப்பர்ட் கெக்கோவுக்கு விரலில் ஒட்டும் தகடு கிடையாது, வழுக்குச் சுவரில் ஏறாது. கிரெஸ்டட் ஏறும், மூடியிலும் தலைகீழாக ஒட்டி நிற்கும். எனவே திறக்கும்போது முதலில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள், மூடியில் வால் நசுங்குவது இப்படித்தான். லெப்பர்ட்டுக்கு வால் விழுந்தால் மறுபடி முளைக்கும், கிரெஸ்டட்டுக்கு முளைக்காது. டப்பாவை நெட்டுக்குத்தாக நிறுத்தி மூடியைக் கதவாக வையுங்கள். உள்ளே சாய்வாகக் குச்சிகள், பிளாஸ்டிக் இலைக்கொடி. மேட் வேண்டாம், 22–26 டிகிரி அறையே போதும், 28-ஐத் தாண்டினால் தவிக்கும். மாலையில் சுவரில் தண்ணீர் தெளியுங்கள், மறுநாள் மாலைக்குள் காய வேண்டும். நியூ கலிடோனியாக் காட்டுப் பல்லி. அழிந்துவிட்டதாக நினைத்து 1994-ல் மறுபடி கண்டுபிடித்த இனம், அதை வெயில் ஜன்னலோரம் வைத்து இழந்துவிடாதீர்கள்.

புள்ளிவால்

8 நாள் கழித்து: தெர்மோஸ்டாட் 35 வைத்தபோது உள்ளே 33.6 வந்தது. 34-க்கு இறக்கினேன், இப்போது 32.4. குளிர்ப்பக்கம் 24.8. மூடியில் துளி இல்லை. மூன்றாம் நாள் சூடான ஒளிவிடத்துக்குள் போனது, நேற்று மீல்வர்ம் 5-ல் 4 காலி. எடை 60. ஆனால் இன்று தோல் உரித்ததில் பின்காலின் இரண்டு விரலில் வெள்ளையாக மிச்சம் இருக்கிறது. பிய்க்கலாமா?

ஓணான்கூடு

பிய்க்க வேண்டாம். காய்ந்த தோல் விரலை மோதிரம் மாதிரி இறுக்கி இரத்தத்தைத் தடுக்கும், அதனால் விட்டுவிடவும் கூடாது. சின்ன டப்பாவில் 29–30 டிகிரி தண்ணீர், கணுக்கால் நனையும் உயரம், 15 நிமிடம், பக்கத்திலேயே இருங்கள். பிறகு நனைந்த காது பட்ஸை விரலின் அடியிலிருந்து நுனிப்பக்கம் உருட்டுங்கள். வராவிட்டால் நாளை மறுபடி, பலவந்தம் கூடாது. முடிந்ததும் டார்ச் அடித்து இருபது விரலையும் எண்ணிப் பாருங்கள். கருத்தோ வீங்கியோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஈரப்பெட்டியின் தாள் காய்ந்திருக்கும், அதைத் தினம் காலையில் நனைத்து வையுங்கள்.