மோடை வெளியிட்டபின் திரும்ப எடுக்கலாமா? பேட்ச் போட யாரிடம் அனுமதி கேட்பது?

கோட்டைவாசல்
ஸ்கைரிம்ங்கிற கேமோட ஸ்பெஷல் எடிஷனுக்கு எங்க நண்பர் குழுவுக்காக ஒரு மோட் (ரசிகர்கள் செஞ்சு சேர்க்கற மாற்றம்) தொகுப்பு பராமரிச்சுட்டு வர்றேன். முந்நூத்திச் சொச்சம் மோட். போன வாரம் அதுல இருந்த ஒரு ஊர் அலங்கார மோடை அதோட ஆசிரியர் தூக்கிட்டார். அது நெக்ஸஸ் மோட்ஸ்ங்கிற பெரிய மோட் தளத்துல இல்ல, வேற ஒரு தளத்துல இருந்தது. யாரோ கமென்ட்ல மரியாதை இல்லாம பேசினாங்களாம். கோபம் நியாயம்தான். ஆனா அதை மாஸ்டரா, அதாவது அடிப்படைக் கோப்பா வச்சு நான் எழுதின ஆறு பேட்ச் (மோடுகளை ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போக வைக்கிற சின்னத் திருத்தம்) நிக்குதே? மாஸ்டர் இல்லாத பிளகினை (மோடோட தரவுக் கோப்பை) ஏத்தினா மெயின் மெனு வர்றதுக்குள்ள கேம் படுத்துடும். யாராவது புதுசா குழுவுல சேர்ந்தா என்ன குடுக்கறது?

என் கட்சி இதுதான்: பொதுவுல இலவசமா வச்ச மோட் மேல மத்தவங்க கட்ட ஆரம்பிச்ச பிறகு அதைத் திரும்ப எடுக்க உரிமை இருக்கக் கூடாது. 2021 ஜூலைல நெக்ஸஸ் மோட்ஸ் செஞ்சது சரி. தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: அதுவரை ஆசிரியர் தன் கோப்பை அடியோட அழிக்கலாம். பல மோடை ஒரே பட்டியலா இறக்கற தொகுப்பு வசதி கொண்டு வரணும்னு அதை நிறுத்தினாங்க. இனிமே அழிச்சாலும் கோப்பு காப்பகத்துக்குப் போகும். மோட் பக்கத்துல தெரியாது, ஆனா அதைச் சேர்த்திருக்கிற தொகுப்பு வழியா இறங்கும். பிடிக்காதவங்க ஆகஸ்ட் 5-க்குள்ள மொத்தமா எடுத்துக்கலாம்னு கெடு குடுத்தாங்க.

பத்திரிகைல வந்த கதையை எழுத்தாளர் வீடு வீடாப் போய்த் திரும்ப வாங்க முடியுமா?

மூன்றாம்_ஜாமம்
நான் மோட் செய்யற ஆள், அதனால எதிர்க்கட்சி.

பத்திரிகை அச்சாகி முடிஞ்சுது, இருக்கிற பிரதி இருக்கும். இங்க ஒவ்வொரு டவுன்லோடும் புதுப் பிரதி. அதைத் தர்றது தளம், பேர் என்னோடது. உங்க வீட்டு டிஸ்க்ல இருக்கிற ஜிப்பை நான் கேக்கல. நாளைக்கும் என் பேர்ல புதுசா குடுத்துக்கிட்டே இருக்க யார் அனுமதி குடுத்தாங்கன்னுதான் கேக்கறேன்.

அந்தக் கெடுவையும் ரொம்ப லேசா சொல்லிட்டீங்க. பத்து வருஷமா மோட் போட்டவங்களுக்கு ஒரு மாசம். விதியை நடுவழியில மாத்திட்டு "வேண்டாம்னா போ"ன்னா, போனாங்க. முக்கியமான சிலர் மொத்த மோடையும் எடுத்துட்டே போனாங்க. நஷ்டம் யாருக்கு?

இன்னொண்ணு. மோடை எடுக்கிறது எப்பவும் கோபத்துல இல்ல. ஸ்கிரிப்ட் சேவ் ஃபைலைக் கெடுக்குதுன்னு தெரிஞ்சா ஆசிரியர் அந்தப் பதிப்பை இழுக்கத்தான் வேணும். காப்பகத்துல அது உயிரோட இருந்து, பழைய தொகுப்பு அதையே இறக்கிக் குடுத்தா, சேவ் போனவன் எங்க வந்து அழுவான்? தொகுப்பு போட்டவர் பக்கத்துக்கா? என் பக்கத்துக்குத்தான்.

வெட்டிவேரு
ரெண்டு பேரும் சண்டை போடுங்க. நான் விளையாடறவன் மட்டும்தான். கேம்ல கூட வர்ற லிடியாவுக்கு அழகு மோட் போட்டேன், முகம் கரி பூசின மாதிரி கறுத்துப் போச்சு, கழுத்து மட்டும் வெள்ளையா இருக்கு. இதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

ஈஎஸ்பி_தாத்தா
தம்பி கிண்டலா கேட்டாலும் கேள்வி சரியான இடத்துல விழுது. மோதலும் அனுமதியும் தனித்தனி விஷயம்னு நினைச்சுப் பேசறீங்க. மோதல் எங்க நடக்குதுன்னு பார்த்தா அனுமதி எங்க வேணும்னு தெரிஞ்சுடும்.

ஸ்கைரிம்ல ரெண்டு மோட் ரெண்டு விதமா முட்டும். ஒண்ணு கோப்பு மோதல். ரெண்டுலயும் ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ஒரு டெக்ஸ்சர் (பொருள் மேல ஒட்டற படம்) இருந்தா ஒண்ணுதான் நிக்கும். மோட் ஆர்கனைசர் மாதிரி கருவி கேம் ஃபோல்டரைத் தொடாம மெய்நிகரா அடுக்கறதால, எதுக்கு முன்னுரிமைன்னு இழுத்து மாத்திக்கலாம். இதுல தலைவலி கம்மி.

இன்னொண்ணு ரெக்கார்டு மோதல், அதாவது பிளகினுக்குள்ள ஒரு பொருளோட விவரப் பதிவுல வர்ற மோதல். இரும்பு வாளை எடுத்துக்கங்க. கேம்ல அதோட தாக்குதல் 7, எடை 9, விலை 25. ஒரு மோட் தாக்குதலை 10 ஆக்குது. இன்னொரு மோட் எடையை மட்டும் 5-ஆக் குறைக்குது. ரெண்டும் போட்டா 10-ம் 5-ம் கிடைக்கும்னு நினைப்போம். கிடைக்காது. லோட் ஆர்டர்ல (பிளகின் ஏறற வரிசையில) கடைசியா வர்றவன் வாளோட முழு ரெக்கார்டையும் எடுத்துட்டு வர்றான். எடை மோட் கடைசின்னா எடை 5, தாக்குதல் பழையபடி 7. முதல் மோட் செஞ்சது எதுவும் மிஞ்சாது. எக்ஸ்எடிட்ங்கிற பிளகின் திருத்தற கருவியில திறந்தா கேம், ரெண்டு மோட்னு மூணு நிரலும் பக்கத்துல பக்கத்துல நிக்கும், தோத்த மதிப்பு சிவப்பா தெரியும். பேட்ச்ங்கிறது நாலாவதா ஒரு நிரல்: 10, 5, 25. அவ்வளவுதான். இந்த மூணு எண்ணுல யாரோட படைப்பு இருக்கு? இதுக்கு அனுமதி கேட்கணும்னு சொல்றது அதிகம்.

லிடியாவோட கறுப்பு முகம் ரெண்டு மோதலும் ஒண்ணாச் சேர்ந்தது. தலை, முடி, தோல் நிறம் எல்லாம் ரெக்கார்டுல இருக்கு. அதே முகம் முன்கூட்டியே வார்த்து வச்ச மெஷ் (முப்பரிமாண வடிவ) கோப்பாவும் இருக்கு. ரெண்டும் ஒரே மோட்ல இருந்து வரணும். உங்க அழகு மோடோட மெஷ் ஜெயிச்சுருக்கு, ஆனா லிடியாவுக்குக் கவசம் மாத்தற வேற ஏதோ மோட் கடைசியா வந்து ரெக்கார்டுல பழைய முகத்தைத் திணிச்சுருக்கு. பொருந்தலைன்னா முகம் கறுத்துடும். அழகு மோடை லோட் ஆர்டர்ல கீழ இறக்குங்க. கவசமும் வேணும்னா முக விவரங்களை மட்டும் பேட்ச்சுக்கு இழுங்க. யாரோட மெஷ்ஷையும் காப்பி அடிக்க வேண்டியதில்ல.

வெட்டிவேரு
இறக்கினேன். லிடியா பிரகாசமா இருக்கா. நன்றி தாத்தா. இப்போ சண்டையைத் தொடரலாம்.

மூன்றாம்_ஜாமம்
தாத்தா, எண்ணை மாத்தற பேட்ச்சுக்கு நான் எதிரி இல்ல. என் பக்கத்துல "கேட்காம போடலாம்"னே எழுதி வச்சிருக்கேன். பிரச்சினை அங்க நிக்கறதில்லயே. நான் ஒரு மதில் செஞ்சிருக்கேன், வேற ஒருத்தர் அதே இடத்துல படிக்கட்டு வச்சிருக்கார். ரெண்டையும் ஒட்டணும்னா என் மெஷ்ஷைத் திறந்து வெட்டி, வெட்டினதைப் பேட்ச்சுக்குள்ள வச்சு அனுப்பணும். அது என் மாசக்கணக்கு வேலை. அங்க கேட்டே ஆகணும்.

கேட்காம விட்டா என்ன ஆகும்னும் பார்த்தாச்சு. 2015 ஏப்ரல் 23 ஞாபகம் இருக்கா? வால்வோட கேம் கடையான ஸ்டீம்ல ஸ்கைரிம் மோடுக்குக் காசு வாங்க விட்டாங்க. மோடருக்கு 25 சதவீதம், மிச்சம் வால்வுக்கும் கேமைச் செஞ்ச பெதஸ்டாவுக்கும். முதல்ல வந்த மோடுகள்ல ஒண்ணு மீன்பிடி மோட். வேற ஒருத்தரோட அனிமேஷன் வேலையை ஒப்புதல் இல்லாம சார்ந்திருக்குன்னு புகார் வந்து உடனே எடுக்க வேண்டியதாச்சு. ஏப்ரல் 27-ல திட்டத்தையே சுருட்டிட்டாங்க. அடுத்த வருஷம் பெதஸ்டாவோட இன்னொரு கேமான ஃபால்அவுட் 4-க்கு எக்ஸ்பாக்ஸ் கன்சோல்ல மோட் வந்தப்போ, நெக்ஸஸ்ல இருந்த மோடுகளை வேற ஆளுங்க தங்கள் பேர்ல ஏத்தினாங்க. கன்சோலுக்கு மாத்தற எண்ணமே இல்லாத ஆசிரியர்கள் எல்லாம் உட்கார்ந்து புகார் படிவம் நிரப்பினாங்க. நாங்க பூட்டுப் போட ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. கஞ்சத்தனம்னு நினைச்சுக்காதீங்க.

கோட்டைவாசல்
பூட்டுனால வந்த சேதத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. 2016 அக்டோபர்ல ஸ்பெஷல் எடிஷன் வந்துது. 32 பிட்ல இருந்து 64 பிட். பழைய மோட் நிறைய அப்படியே ஓடாது. மெஷ், அனிமேஷன், பிளகின்னு மாத்தணும். ஆசிரியர் எப்பவோ கேமை விட்டுப் போயிருப்பார், மெயிலுக்குப் பதில் வராது. அனுமதிப் பக்கத்துல "மாற்றி ஏத்தக் கூடாது"ன்னு ஒரு வரி மட்டும் நிக்கும். என்ன ஆச்சு? ஒருத்தர் மாத்தி எல்லாருக்கும் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். "நீயே எப்படி மாத்திக்கிறது"ன்னு குறிப்பு எழுதிப் போட்டு, ஒவ்வொருத்தனும் அவன் வீட்டுல தனியா அதே வேலையைச் செஞ்சான். யாருடைய உரிமையை இது காப்பாத்துச்சு?

உரிமக்_கிறுக்கன்
நடுவுல வர்றேன். சட்டப்படி மூன்றாம்_ஜாமம் பக்கம்தான் பலம்: செஞ்ச டெக்ஸ்சரும் மெஷ்ஷும் செஞ்சவருக்கே சொந்தம், "இலவசம்"னா "உரிமையைத் துறந்தாச்சு"ன்னு ஆகாது. நெக்ஸஸ்ல வேற தளத்துல ஏத்தறது, திருத்தறது, வேற கேமுக்கு மாத்தறது, உள்ளிருக்கிற பொருளை எடுத்துப் பயன்படுத்தறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அனுமதி இருக்கு. பாதிப் பேர் அந்தப் பெட்டியைப் படிக்கிறதே இல்ல.

ஆனா கோப்பைப் பகிராமலே பகிர ஒரு வழி இருக்கு. அது மைன்கிராஃப்ட் உலகத்துல அடிபட்டுக் கத்துக்கிட்டது. கிராஃப்ட்பக்கிட்னு ஒரு சர்வர் மென்பொருள், திறமூல உரிமத்துல வந்தது, ஆனா உள்ளே மைன்கிராஃப்டைச் செஞ்ச மோஜாங்கோட சர்வர் கோடும் கலந்திருந்துது. 2014 செப்டம்பர்ல அதுக்குப் பங்களிச்ச ஒருத்தரே "மோஜாங் கோடு திறமூலம் இல்ல, அதோட சேர்த்து என் கோடைக் குடுக்கிறது உரிம மீறல்"னு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நோட்டீஸ் விட்டார். டவுன்லோட் மொத்தமும் நின்னுச்சு. கிராஃப்ட்பக்கிட்ல இருந்து கிளைச்ச ஸ்பிகாட் திட்டம் அதுக்கப்புறம் பில்ட்டூல்ஸ்னு ஒரு கருவி குடுத்துது. உங்க கணினியில ஓட்டினா அது மோஜாங் சர்வரை மோஜாங்கிட்ட இருந்தே இறக்கி, மேல தன் மாற்றத்தை மட்டும் பூசிக் கட்டும்.

ஸ்கைரிம்ல வாபாஜாக்ங்கிற மோட் பட்டியல் நிறுவற கருவி செய்யறதும் கிட்டத்தட்ட அதே. பட்டியல் கோப்புல மோடோட ஆர்கைவ் இருக்காது. எங்கிருந்து இறக்கணும், எதை எங்க வைக்கணும், தொகுத்தவர் மாத்தின கோப்புக்கும் மூலக் கோப்புக்கும் உள்ள பைனரி வித்தியாசம் என்ன, இதுதான் இருக்கும். ஆசிரியரோட பக்கத்துல டவுன்லோட் எண்ணிக்கையும் ஏறும்.

மூன்றாம்_ஜாமம்
சட்டத்துக்குச் சுத்துப் பாதை போட்டாச்சு, சந்தோஷம். ஆனா என் பக்கத்தை ஒருத்தர்கூட திறக்கறதில்ல. "இதோட அதைச் சேர்க்காதீங்க, கேம் படுக்கும்"னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன். தானா இறங்கற கோப்புக்கு யார் அதைப் படிப்பா? அந்தத் தானியங்கி இறக்கம்கூட நெக்ஸஸ்ல பிரீமியம் சந்தா கட்டினவங்களுக்குத்தான். இல்லாதவன் ஒவ்வொரு மோடுக்கும் தனித்தனியா பொத்தானை அழுத்தணும். சந்தா யாருக்குப் போகுதுன்னு நீங்களே யோசிங்க. ஆசிரியருக்கு நெக்ஸஸ் தர்ற டொனேஷன் பாயின்ட் வருது, மறுக்கல. அது டீ செலவுக்கு.

மறு ஏற்றம், அதாவது ஒருத்தர் மோடை இன்னொருத்தர் ஏத்தறது, பாதுகாப்புப் பிரச்சினையும்தான். 2023 ஜூன்ல கர்ஸ்ஃபோர்ஜ் மோட் தளத்துல மைன்கிராஃப்ட் மோடுகளுக்குள்ள தீம்பொருள் வந்ததை மறந்துட்டீங்களா?

உரிமக்_கிறுக்கன்
அந்த உதாரணம் உங்களுக்கு எதிரா போகுது. அது ஊர் பேர் தெரியாத மறு ஏற்றத் தளத்துல வரல. அதிகாரப்பூர்வ இடத்துலயே, ஊடுருவப்பட்ட கணக்குகள் வழியாவும் வந்துது. அனுமதிப் பெட்டி பூட்டியிருந்தாலும் வந்திருக்கும்.

மூன்றாம்_ஜாமம்
சரி, அந்த உதாரணத்தை விடறேன். வாதத்தை விடல.

ஈஎஸ்பி_தாத்தா
ஒரே ஒரு விஷயம் ரெண்டு பேரும் பேசல. கேமைச் செஞ்சவங்களே அடியைப் பிடுங்கறப்போ என்ன பண்றது? 2021 நவம்பர் 11 ஆனிவர்சரி அப்டேட்டோட எஸ்கேஎஸ்இ-யை (கேமோட ஸ்கிரிப்ட் வசதியை விரிக்கிற கருவியை) நம்பின டிஎல்எல் மோடுகள் (கம்பைல் பண்ணின நிரலா வர்ற மோடுகள்) பெரும்பாலும் நின்னு போச்சு. அதுக்கு முந்தின 1.5.97 பதிப்புலயே தங்கினவங்களுக்குப் பழைய மோட் பதிப்பு வேணும். புதுசுக்குப் போனவங்களுக்குப் புதுப் பதிப்பு வேணும். ஆசிரியர் பழசை எடுத்துட்டாலோ, புதுசு எழுத ஆள் இல்லாமப் போனாலோ, ரெண்டுல ஒரு கூட்டம் தெருவுல நிக்கும். ஆசிரியர் உரிமைன்னு பேசறவங்க இதுக்கு ஒரு பதில் வச்சிருக்கணும்.

மூன்றாம்_ஜாமம்
வச்சிருக்கேன். என் பக்கத்துல கடைசி வரி: "ஒரு வருஷம் நான் எதுக்கும் பதில் சொல்லலைன்னா, பேரைப் போட்டு யார் வேணும்னாலும் எடுத்து நடத்துங்க." டிஎல்எல் மோட் எழுதறவங்க நிறையப் பேர் மூல நிரலையே திறந்து வச்சுட்டாங்க, ஆள் போனாலும் அடுத்தவர் கம்பைல் பண்ணிக்கலாம். கலைப் பொருளுக்கு அது ஒத்து வராதுங்கிறது என் கருத்து. எப்ப விடறதுன்னு நான்தான் முடிவு செய்யணும். தளம் முடிவு செய்யக் கூடாது.

கோட்டைவாசல்
எல்லாரும் உங்களை மாதிரி அந்தக் கடைசி வரியை எழுதினா நான் இந்த இழையையே ஆரம்பிச்சிருக்க மாட்டேன். நான் சொன்ன ஊர் அலங்கார மோட் ஆசிரியர் எழுதலயே. இருக்கிறவரே எடுத்தார், அதுக்கு உங்க வரி உதவாது.

ஈஎஸ்பி_தாத்தா
அந்த ஆறு பேட்ச்சையும் எக்ஸ்எடிட்ல திறந்தீங்களா? ஊர் மோட் மாஸ்டர் பட்டியல்ல இருக்கிறதாலயே எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. கேமோட சொந்த ரெக்கார்டை மட்டும் தொடற பேட்ச்சா இருந்தா, வலது கிளிக் பண்ணி 'கிளீன் மாஸ்டர்ஸ்' குடுங்க. தேவையில்லாத மாஸ்டர் தானா உதிர்ந்துடும். அவர் புதுசா சேர்த்த பொருளைக் கூப்பிடற பேட்ச் மட்டும்தான் போகும்.

கோட்டைவாசல்
பார்த்தேன். நாலு பேட்ச் தேறுது. அதுல இருக்கிறதெல்லாம் வெளிச்சமும் கதவுப் பூட்டும்தான். ரெண்டு தேறல, அவரோட சந்தைக்கடை மெஷ்ஷை நேராக் கூப்பிடுது. பழைய ஜிப் என் டிஸ்க்ல பத்திரமா இருக்கு. குழுவுல இருக்கிறவங்களுக்கு மட்டும் டிரைவ் லிங்க் குடுத்துடலாம்னு இருக்கேன்.

மூன்றாம்_ஜாமம்
ஒரு தடவை அவருக்கு எழுதிக் கேட்டீங்களா?

கோட்டைவாசல்
எழுதல. வேண்டாம்னு சொன்னா என்ன பண்றது?

மூன்றாம்_ஜாமம்
சந்தைக்கடை இல்லாம விளையாடறது.

ஈஎஸ்பி_தாத்தா
லிங்க் எதுவும் இங்க போட்டுடாதீங்க, இழையைப் பூட்டிடுவாங்க. தேறின நாலு பேட்ச்சை ஏத்துங்க, லோட் ஆர்டரோட சேர்த்துப் போடுங்க, பார்க்கறேன்.