நடிப்புப் பாடத்தில் 'பீட்': 'கண்ணி' சரிவருமா?

வணக்கம்.

கல்லூரி முதலாண்டு நடிப்பு வகுப்புக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அப்ஜெக்டிவ்' என்பதற்கு நோக்கம் என்றே போட்டுவிட்டேன், பாத்திரத்துக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. காட்சியை நோக்கப்படி பிரிக்கும்போது கிடைக்கும் பகுதியான 'பீட்' வந்ததும்தான் வண்டி நின்றுவிட்டது. போன மடலில் வந்த யோசனை இது:

> துடிப்பு, தட்டு இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். இசையில் வரும் பீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அண்ணன் தம்பியிடம் சாவி கேட்டு வரும் இரண்டு பக்கக் காட்சி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். வந்ததும் சாவியைக் கேட்பதில்லை, "உடம்பு தேவலையா?" என்று ஆரம்பிக்கிறான். தம்பி பிடிகொடுக்கவில்லை. எப்போதோ செய்த உதவியை அண்ணன் இழுக்கிறான், அதுவும் பலிக்காமல் குரலை உயர்த்துகிறான். மூன்றிலும் வேண்டியது சாவிதான், வழிதான் மாறுகிறது. அப்புறம் தம்பி, "சாவியை அம்மாகிட்ட கொடுத்துட்டேன்" என்கிறான். அங்கே நோக்கமே மாறிவிடுகிறது, இனி அண்ணனுக்குத் தான் வந்துபோனது அம்மா காதுக்குப் போகக்கூடாது. இப்படித் திரும்பும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓரத்தில் ஒரு வினைச்சொல் எழுதச் சொல்வோம்: குழைகிறான், குத்திக்காட்டுகிறான், மிரட்டுகிறான், மழுப்புகிறான். ('கோபமாக' என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதை வைத்துக்கொண்டு மேடையில் எதுவும் செய்ய முடியாது, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.) அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதுதான் பீட்.

இப்படிப் பிரிக்கும் முறையை வகுத்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் மொழியில் வைத்த பெயர் 'குசோக்', வெறும் துண்டு என்றுதான் பொருள். 1936இல் அவர் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தபோது அது 'யூனிட்' ஆனது, அமெரிக்கப் பயிற்சி வகுப்புகளில் 'பீட்' நிலைத்துவிட்டது. அதனால் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அலகு என்றால் அளவைக் கணக்கு மாதிரி இருக்கிறது. கூறு பரவாயில்லை, ஆனால் வகுப்பில் "இந்தக் கூறைக் கூறு" என்று சொல்லிப் பாருங்கள்.

துண்டு நேரடியானது, எனக்குத் தயக்கம் வேறு. புதிதாக வருகிறவர்கள் வரிக்கு வரி கோடு போட்டுக் காட்சியைக் கொத்துக்கறி ஆக்கிவிடுகிறார்கள், நடிக்கும்போதும் ஒவ்வொரு கோட்டிலும் நின்று நின்று போகிறார்கள். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே இதை எச்சரித்திருக்கிறார். பிரிப்பது தற்காலிக ஏற்பாடு, பாத்திரம் துண்டுகளாகவே கிடக்கக்கூடாது, தேவைக்கு மேல் பிரிக்கவும் கூடாது என்பது அவர் கட்சி. துண்டு என்ற சொல் வெட்டுவதோடு நின்றுவிடுகிறது.

அதனால்தான் கண்ணி. சங்கிலியில் ஒரு வளையமும் கண்ணிதான், தாயுமானவரின் பராபரக்கண்ணியில் வரும் இரண்டடியும் கண்ணிதான். தனியாகவும் நிற்கும், அடுத்ததோடும் கோத்துக்கொள்ளும். "இந்தக் கண்ணியில் உனக்கு என்ன வேண்டும்?", "கண்ணி எங்கே மாறுகிறது?" என்று வகுப்பில் கேட்டால் வாயிலும் உறுத்தவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

———

> அதனால்தான் கண்ணி.

பொருள் சரி ஐயா, ஆனால் சொல்லைக் கேட்டதும் எனக்கு வேடன் வைத்த கண்ணிதான் முதலில் வந்தது, அடுத்து கண்ணிவெடி. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றாவதாகக்கூடச் சங்கிலி வருமா என்பது சந்தேகம். 'கணு' என்று வைத்தால் என்ன? கரும்பு, மூங்கில் எதில் பார்த்தாலும் ஒன்று முடிந்து அடுத்தது கிளம்பும் இடம் அதுதான்.

இன்னொன்று, நாடகப் பிரதியில் வசனங்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் 'பீட்' என்று எழுதுகிறார்களே, அதற்கும் கண்ணி என்றா போடப்போகிறீர்கள்?

———

> அதற்கும் கண்ணி என்றா போடப்போகிறீர்கள்?

இல்லை, அது வேறு சரக்கு. அங்கே எழுதியவர் கேட்பது ஒரு சின்ன இடைவெளி, மூச்சு விடும் நேரம். அதற்குச் 'சிறுமௌனம்' போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் மாணவர்கள் நோக்கம் மாறும் இடத்திலெல்லாம் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பேச்சு விடாமல் ஓடும்போதே, சில சமயம் ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே நோக்கம் மாறிவிடும். அதைப் பார்க்கத்தான் ருசி. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

கணுவைப் பற்றி: நீங்கள் சொன்னபடியே அது ஒரு இடம், ஒரு புள்ளி. எனக்கு வேண்டியது இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் நீளம், அதற்குக் கணு பொருந்தாது. ஆனால் அந்தக் கோட்டுக்கே அது அழகாகப் பொருந்துகிறது, 'பீட் சேஞ்ச்' என்பதற்கு இதுவரை கண்ணிமாற்றம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன், இனி கணுவே போதும். வேடன் கண்ணியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அடி என்றால் உதையும் உண்டு, செய்யுளின் அடியும் உண்டு, யாரும் குழம்புவதில்லை.

ஆகவே குறிப்பில் இப்படிப் போடுகிறேன்: கண்ணி என்பது ஒரு பாத்திரம் ஒரே நோக்கத்தோடு ஒரே வழியில் முயலும் காட்சிப் பகுதி. கணு என்பது நோக்கமோ வழியோ மாறும் இடம். சிறுமௌனம் என்பது பிரதியில் குறித்த இடைவெளி. அச்சுக்குப் போகும் முன் வேறு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள், குறிப்பாகக் கூத்துப் பயிற்சியில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் புழங்குகிறது என்றால் மூன்றையும் தூக்கிப்போட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம்.