விளையாட்டு வீரர்களின் கேரியர் அடாப்டபிலிட்டி: என் முன்னோட்டச் சோதனையில் எல்லோரும் 5 போடுகிறார்கள், என்ன செய்வது?

மைதானத்து_மாணவி:

வணக்கம். விளையாட்டு உளவியலில் பிஎச்.டி., இரண்டாம் வருடம். தேசிய அளவிலும் அதற்கு மேலும் ஆடுகிற தமிழக வீரர் வீராங்கனைகள், ஆட்டம் ஓய்ந்த பிறகு வரப்போகிற வேலை வாழ்க்கைக்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுப்பார்கள் என்பதை அளக்கப் பார்க்கிறேன். சவிக்காஸும் போர்ஃபெலியும் 2012-ல் 13 நாடுகளில் சோதித்து வெளியிட்ட கேரியர் அடாப்ட்-எபிலிட்டீஸ் ஸ்கேல்தான் என் கருவி. தெரியாதவர்களுக்காக: மொத்தம் 24 வாக்கியங்கள், நான்கு பகுதிகள், பகுதிக்கு ஆறு. நாளைய வேலை பற்றிய அக்கறை, முடிவு தன் கையில் இருக்கிறதா என்பது, புது வழிகளைத் தேடும் ஆர்வம், செய்துவிடுவேன் என்ற நம்பிக்கை. ஒவ்வொன்றும் தன்னிடம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அவர்களே 1 முதல் 5 வரை போட வேண்டும்.

தமிழில் பெயர்த்து ஒரு விடுதியில் கொடுத்துப் பார்த்தேன். தலைசுற்றிவிட்டது. முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றுக்கும் 4, 5. ஒரு கபடிப் பையன் மூன்று நிமிடத்தில் 24-க்கும் 5 போட்டுக் கொடுத்துவிட்டு, “மேடம், இதுல குறைச்சுப் போட்டா கோச்சுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். பளுதூக்கும் பையன் ஒருவன் ‘மிக வலுவாக’ என்பதைப் பார்த்துவிட்டு, “ஸ்நாட்ச்லயா, கிளீன் அண்ட் ஜெர்க்லயா?” என்று தன் ஆட்டத்தின் இரண்டு தூக்கு முறைகளைக் கேட்டான், அவன் கேலி செய்தானா நிஜமாகவே கேட்டானா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அக்கறைப் பகுதியில் ஒரு வாக்கியத்தை ‘என் தொழில் வாழ்க்கை பற்றிக் கவலைப்படுகிறேன்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். அதற்கு மட்டும் ஒரு ஓட்டக்காரப் பெண் 1 போட்டிருந்தாள். கேட்டால், “எனக்கென்ன கவலை, எல்லாம் சார் பாத்துப்பாரு.”

கைடு 12 கேள்வி உள்ள சுருக்க வடிவத்துக்குப் போகச் சொல்கிறார். மாறிவிடலாமா? மாறினால் இந்தச் சிக்கல் தீருமா?

ஹர்டில்ஸ்_400:

தங்கச்சி, புள்ளிவிவரம் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் படிவத்தை நிரப்பும் ஆள் நான்தான், அதாவது பன்னிரண்டு வருடம் முன்பு இருந்த நான்.

முதலில் ‘தொழில்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கம் தொழில் என்றால் கடை வைப்பது, லாரி ஓட்டுவது. “தொழில் எல்லாம் பண்ணலை, கவர்மென்ட் வேலை” என்றுதான் சொல்வோம். அப்புறம் அந்தக் ‘கவலை’. கவலை இல்லை என்று ஒரு பெண் சொன்னால் அது தைரியமாகத்தான் நம் காதில் விழும், உங்கள் தாளிலோ அவளுக்கு மதிப்பெண் குறையும்.

தடைகளைத் தாண்டுவேன் என்று ஒரு வரி அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். 400 மீட்டர் ஹர்டில்ஸ்காரனிடம் அதைக் கேட்டால் என்ன போடுவான்? பத்துத் தடை, இடையில் 35 மீட்டர், நான் 15 எட்டு வைப்பேன். எதிர்க்காற்று அடித்தால் 16 எட்டாக்கி, அடுத்த தடையை மறு காலால் தாண்ட வேண்டும், இதை ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். வளைந்து கொடுப்பதற்கு 5-க்கு 6 கூடப் போட்டிருப்பேன்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அலுவலகத்தில் 21 வயதில் சேர்ந்தேன். கையெழுத்துப் போடுவது, கிரவுண்டுக்குப் போவது, அவ்வளவுதான் வேலை. 33 வயதில் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்தசை, முழுசாகக் கைவிட்டதும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் ஒரு ஃபைலைக் கொடுத்து ‘நோட் போட்டுக் கொண்டு வாங்க’ என்றார் அதிகாரி. என்ன நோட், எதில் போடுவது என்று தெரியவில்லை. பக்கத்து மேஜைத் தம்பி, என்னைவிடப் பத்து வயது சின்னவன், பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்து, இந்தப் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கண்ணா, தேதியை மட்டும் மாத்துங்க என்றான். கை வியர்த்துத் தாள் ஒட்டிக்கொண்டது, ஃபைனலில் கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. ஆறு மாதம் மதியச் சாப்பாட்டுக்கு யாருடனும் உட்காரவில்லை. மேஜை டிராயரில் என் ஓட்டக் காலணி, ஸ்பைக்ஸ் இருந்தது, எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

எங்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்புகளைப் பாருங்கள்: சாதனைக்கு 50, ட்ரையலுக்கு 40, படிப்புக்கு 10. 10 மதிப்பெண்ணுக்காக எந்த கோச் பையனைப் படிக்க அனுப்புவார்?

ஃபேக்டர்_லோடிங்:

அண்ணா சொன்ன காலடிக் கணக்கிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்தக் கருவி பொதுவாக வேலை பார்ப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் செய்தது. உன் ஆட்கள் அதை மைதானத்தை மனதில் வைத்து நிரப்புகிறார்கள். மைதானத்தில் அவர்கள் 5 என்பது பொய்யும் இல்லை. அதனால் எதைப் பற்றிக் கேட்கிறாய் என்பதை முன்குறிப்பிலேயே கட்டிப்போடு: ‘விளையாட்டை விட்ட மறு வருடம் நீங்கள் செய்யப்போகும் வேலையை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.’ முடிந்தால் பதில் போட இரண்டு கட்ட வரிசை வை, ஒன்று விளையாட்டுக்கு, ஒன்று விளையாட்டுக்கு வெளியே. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உனக்கு வேண்டிய எண்ணாக இருக்கும் என்பது என் ஊகம். ஆனால் வாக்கியத்தைத் தொட்டாய் என்றால் பழைய ஆய்வுகளின் நம்பகத்தன்மை எண்களைக் கடன் வாங்க முடியாது, காரணிப் பகுப்பாய்வை, அதாவது எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பகுதியாக நிற்கின்றன என்று பார்க்கும் கணக்கை, நீயே புதிதாகச் செய்ய வேண்டும்.

சுருக்க வடிவத்துக்குப் போகாதே. அது சுவிட்சர்லாந்தில் பெரியவர்களிடம் சோதித்து 24-ஐ 12 ஆக்கியது. நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். எல்லோரும் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும்போது கேள்வியைப் பாதியாக்கினால் கூரை உயராது. மூன்று நிமிடத்தில் முடித்த பையன் ஒன்றரை நிமிடத்தில் முடிப்பான்.

கோச்சை அறையில் வைத்துக்கொண்டு படிவம் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் அந்தத் தரவைத் தூக்கிப் போடு, இரக்கமே வேண்டாம். பெயர் எழுதாமல், உறையில் போட்டு ஒட்டி, உன் கையிலேயே தர வேண்டும்.

கூடவே விளையாட்டு வீரர் அடையாள அளவுகோலையும் வை, 1993-ல் புரூவர் குழு செய்தது, ஏழு வாக்கியமாகச் சுருங்கியதே போதும். ‘நான் முதலில் விளையாட்டு வீரன்’ என்பது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும். அடையாளம் உச்சத்தில், வெளிவேலை பற்றிய ஆர்வம் தரையில் என்று ஒருவன் இருந்தால், மொத்தக் கூட்டல் எண் அவனை மறைத்துவிடும். அதனால் நான்கு பகுதியையும் தனித்தனியாகப் பார். இதற்கு மேல் பாஸ், கீழே ஃபெயில் என்று எங்கேயும் கோடு போட்டு வைக்கவில்லை, நீயும் போடாதே.

இன்னொன்று, ‘எலைட்’, அதாவது உயர்மட்ட வீரர், யார்? 2015-ல் ஸ்வான், மோரன், பிகட் மூன்று பேரும் ஆய்வுக் கட்டுரைகளைத் துழாவிப் பார்த்தபோது ஆளுக்கொரு வரையறை வைத்திருந்தது தெரிந்தது. மாநில ஜூனியரையும் ஒலிம்பிக் போனவரையும் ஒரே பையில் போடாதே. கறாராக வடிகட்டினால் ஆள் எண்ணிக்கை குறையும், நான்கு பகுதியும் தனித்தனியாக நிற்கிறதா என்று பார்க்கும் கணக்கு நொண்டும். இந்த இழுபறிக்கு என்னிடம் மருந்து இல்லை.

செம்மண்_ட்ராக்:

ஒரு மறுப்பு. எல்லாமே ஆளின் மனதுக்குள் இருப்பது போலப் பேசுகிறீர்கள். சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள், அப்புறம் செங்கல் சூளையில் வேலை பார்த்தார், பிறகு பயிற்சியாளராக நின்றார். அந்தச் சூளை நாட்களில் அவரிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் ‘புது வாய்ப்புகளைத் தேடுகிறேன்’ என்பதற்கு எவ்வளவு போட்டிருப்பார்? குறைவாகப் போட்டிருந்தால் அவருக்கு ஈடுகொடுக்கத் தெரியாது என்று எழுதிவிடுவீர்களா? வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார், கையில் ஒரு டிகிரி இருந்தது. திரும்பிப் போக இடம் இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே 24 கேள்வி. குடும்ப வருமானம், படிப்பு, வேலை உறுதி, காயம், ஓய்வு தானாகவா தள்ளிவிட்டா, இதெல்லாம் தனித் தாளில் இல்லை என்றால் உங்கள் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஃபேக்டர்_லோடிங்:

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு முறை அளந்து விடுவதும் வீண். ஓய்வுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. ஒரு பிஎச்.டி.க்குள் முடியுமா என்பது வேறு.

மைதானத்து_மாணவி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கோச் அறையில்தான் இருந்தார், அந்தத் தரவு போச்சு.

‘தொழில்’ போய் ‘வேலை’ வந்துவிட்டது, ‘கவலை’ போய் ‘அடிக்கடி யோசிக்கிறேன்’. முன்குறிப்பையும் மாற்றினேன். அதோடு படிவம் கொடுக்காமல் நான்கு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, இது உங்களுக்கு என்ன அர்த்தம், ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டேன். ‘என் முடிவுகளை நானே எடுக்கிறேன்’ என்பதற்கு அந்த ஓட்டக்காரப் பெண் உடனே 5 என்றாள். சரி, கடைசியாக நீயே எடுத்த முடிவு ஒன்று சொல்லு என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். எந்த மீட்டில் ஓடுவது, எந்தக் காலேஜ், எந்தக் கோட்டாவுக்கு விண்ணப்பம், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, அது சார், அது அப்பா, அது சார் என்று விரலை மடக்கினாள். “என் ஏடிஎம் கார்டே அப்பாகிட்டதான் இருக்கு மேடம்” என்று சிரித்துவிட்டு, பேனாவை வாங்கி 5-ஐ அடித்து 2 போட்டாள்.

இப்போது என் கேள்வி ஃபேக்டர் மேடத்துக்கு: இப்படி உதாரணம் கேட்ட பிறகு மாற்றிப் போடும் எண்ணைத் தரவாக எடுத்துக்கொள்ளலாமா, இல்லை உதாரணம் எழுதும் கட்டத்தைப் படிவத்துக்குள்ளேயே வைத்துவிடுவதா?