மறு: மறு: ‘கேம் ஃபிஷ்’: விளையாட்டு மீனா, உறுமீனா?

நண்பர்களே,
நன்னீர் மீன்களை அடையாளம் காணும் கையேடு ஒன்றை மாணவர்களுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். துடுப்பு, செதில், மீசை எல்லாம் முடிந்தது. ‘கேம் ஃபிஷ்’ (பொழுதுபோக்குக்காகத் தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் மீன்), ‘நான்-கேம் ஃபிஷ்’ (அப்படி அல்லாதவை) என்ற இரண்டு தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு முன் செய்தவர் ‘விளையாட்டு மீன்’ என்று போட்டிருக்கிறார். படித்தால் பந்தோடு துள்ளும் டால்பின்தான் கண்ணில் வருகிறது. ‘வேட்டை மீன்’ சரிவருமா?

---

> ‘வேட்டை மீன்’ சரிவருமா?

வராது. வேட்டைநாய் என்றால் வேட்டையாடும் நாய். இதையும் மற்ற மீனை அடித்துத் தின்னும் மீன் என்றுதான் படிப்பார்கள். கொக்குப் பாட்டிலேயே சொல் இருக்கிறதே அம்மா! ‘ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்’. தூண்டில்காரர் காத்திருப்பது உறுமீனுக்கு, போகவிடுவது ஓடுமீனை. ‘உறு’ மிகுதி காட்டும் உரிச்சொல் என்று தொல்காப்பியமே சொல்கிறது. புதிதாக எதற்குத் தச்சுவேலை?

---

அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் பொருந்தாது. இது அளவை வைத்துப் பிரித்ததல்ல. அலிகேட்டர் கார் (gar) என்ற மீன் 2 மீட்டருக்கு மேல் வளரும், அதை அமெரிக்காவில் வெகுகாலம் குப்பை மீனாகத்தான் நடத்தினார்கள். சின்ன ஓடை டிரௌட்டோ கேம் ஃபிஷ். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டப் பட்டியல் மாறும். பிரிட்டனில் அந்தப் பெயர் சால்மன், டிரௌட் வகையறாவுக்குத்தான், கெண்டை அதில் சேராது. ஆனால் அதே கெண்டைக்காக இரவெல்லாம் கரையில் கிடக்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அப்புறம், ‘ஓடுமீன்’ என்றால் பிள்ளைகள் ஓடு உள்ள மீனைத் தேடுவார்கள்.

பெயர் கிடக்கட்டும், பவ்ஃபின் என்ற வட அமெரிக்க நன்னீர் மீனின் பக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள். அங்கே விரால் வெளியிலிருந்து வந்து பரவிய, ஒழிக்க வேண்டிய மீன்; அதுதான் என்று நினைத்துப் பவ்ஃபினைக் கொன்றுவிடுகிறவர்கள் உண்டு. விராலுக்கு மலவாய்த்துடுப்பு நீளம், பவ்ஃபினுக்குக் குட்டை. வயிற்றுத்துடுப்பும் பவ்ஃபினுக்கு உடலின் நடுப்பகுதியில் இருக்கும், விராலுக்கு முன்னால், மார்புத்துடுப்பை ஒட்டி. படத்தில் இது தெரியாவிட்டால் எந்தக் கலைச்சொல்லும் அந்த மீனைக் காப்பாற்றாது.

---

உறுமீனை விட வேண்டாம். ஓடுமீன்தான் சிக்கலென்றால் ‘கழிமீன்’ என்று வையுங்கள், கழிக்கப்பட்ட மீன்.

---

> ‘கழிமீன்’

‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’. நன்னூல் உறுவையும் கழியையும் ஒரே வரியில், ஒரே பொருளில் உட்கார வைத்திருக்கிறது. உங்கள் இரண்டு தலைப்புக்கும் அர்த்தம் ஒன்றே! போதாக்குறைக்கு உப்பங்கழி மீன் என்றும் படிக்கலாம், அதுவும் நன்னீர்க் கையேட்டில். என் ஓட்டு ‘தூண்டில் மீன்’, ‘பிற மீன்’. படித்ததும் புரியும்.

---

‘பிற மீன்’ ஒரு பெயரா? பெயர் வைக்கச் சோம்பல்பட்டவர் ஒட்டிய சீட்டு. உறுமீன் என்றே பதிவுசெய்கிறேன்.

---

தூண்டில் மீனுக்கு ஐந்து பேர், உறுமீனுக்கு மூன்று, ஒருவர் மீனும் மின்னலும் ஒரே வேர் என்று தனிமடலில் நான்கு பக்கம் அனுப்பியிருக்கிறார். ‘தூண்டில் மீன்’, ‘பிற மீன்’ என்றே கொடுத்துவிட்டேன். பவ்ஃபின் படத்தையும் மாற்றச் சொல்லியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

---

அக்கா, இப்போதுதான் பார்த்தேன். அதே வரிசையில் ஆழ்கடல் மீன்கள் தொகுதி என்னிடம் இருக்கிறது. தலையில் விளக்கை ஆட்டி இரை பிடிக்குமே, அதற்கு முழுக்கத் ‘தூண்டில் மீன்’ என்றே போட்டு முடித்திருக்கிறேன். இரண்டில் யார் மாற்றுவது?