கிளட்ச், ஃப்ளைவீல் மாத்தின பிறகு 370இசட்டில் கடகட சத்தம்: கியர் பாக்ஸை மறுபடி இறக்கணுமா?

கானாடுகாத்தான் வி6:
வண்டி நிசான் 370இசட், 6 கியர் மேனுவல். அப்பச்சி வாங்கினது. வருஷத்துல பாதி நாள் ஷெட்ல தார்ப்பாய்க்குள்ளதான் நிக்கும். கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சதால பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கோட சேர்ந்து வர்ற ஸ்லேவ் சிலிண்டர் எல்லாம் மாத்தியாச்சு. அதோட ஃப்ளைவீல், அதான் கிராங்க் முனையில சுத்துற கனமான சக்கரம், அதுல ஒரிஜினல் டூயல் மாஸைக் (ரெண்டு துண்டு) கழட்டிட்டு எடை குறைஞ்ச சிங்கிள் மாஸ் (ஒரே துண்டு) ஒண்ணு போட்டிருக்கு. ஓட்ட அருமையா இருக்கு, ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே ஆர்பிஎம் துள்ளுது. ஆனா நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டுட்டு நின்னா அடியில இருந்து கடகடன்னு சத்தம், செம்புக்குள்ள புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கின மாதிரி. எங்க தெருவுல ரெண்டு பக்கமும் உசந்த மதில். எதிரொலிச்சு இன்னும் பெருசாக் கேக்குது. மெக்கானிக் "ஸ்போர்ட்ஸ் ஃப்ளைவீல்னா அப்படித்தான் தம்பி"ங்கறார். வீட்டு டிரைவர் அண்ணன் "கியர் பாக்ஸ் போச்சு"ங்கறார். யார் பேச்சைக் கேக்குறது?

பள்ளத்தூர் ஸ்பேனர்:
டிரைவர் அண்ணன் பேச்சைக் கேளுங்க. முன்னாடி இல்லாத சத்தம் வேலை பார்த்த பிறகு வந்தா வேலையிலதான் கோளாறு. கிளட்ச்சை மிதிச்சா சத்தம் நிக்குதா? நின்னா இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்ல இருந்து கியர் பாக்ஸுக்குள்ள போற தண்டு) பேரிங். ஏத்தும்போது கியர் பாக்ஸை ஜாக்ல சரியாத் தாங்காம, ஷாஃப்டை பிளேட்டுல மாட்டித் தொங்க விட்டிருப்பாங்க. பேரிங்கும் அடி வாங்கும், பிளேட்டோட ஹப்பும் வளையும். லேட் பண்ணாம இறக்குங்க.

தேவகோட்டை ரஸ்தா:
ஸ்பேனர் தம்பி, கேள்வி சரி, பதில்தான் அவசரம். மிதிச்சா நிக்கிற சத்தத்துக்குக் காரணம் பேரிங் மட்டும் இல்லை.

வி6 இன்ஜின்ல கிராங்க் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள 3 சிலிண்டர் வெடிக்கும். 700 ஆர்பிஎம் ஐடிலிங்னா விநாடிக்கு 35 உதை. ஒவ்வொரு உதைக்கும் கிராங்க் கொஞ்சம் வேகமெடுத்து, உடனே கொஞ்சம் தளரும். டூயல் மாஸ்ல ஃப்ளைவீல் ரெண்டு துண்டு, நடுவுல கிரீஸ்ல ஊறின வளைஞ்ச ஸ்பிரிங். உதையை அது வாங்கிக்கும். சிங்கிள் மாஸ் ஒரே இரும்பு. அதுலயும் எடை குறைஞ்சதுன்னா உதை அப்படியே இன்புட் ஷாஃப்டுக்குப் போகும். நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டிருக்கும்போது இன்புட் ஷாஃப்ட், கவுன்டர் ஷாஃப்ட், லோடு இல்லாத கியர் எல்லாமே சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற சின்ன இடைவெளியில அதுங்க மோதிக்கிற சத்தம்தான் நீ கேக்குறது. மிதிச்சா உள்ள எல்லாம் நின்னுடும், சத்தமும் நிக்கும்.

பேரிங் சத்தம் வேற. உய்ங்னு இழுக்கும், ஆர்பிஎம் ஏற ஏறக் கூடவே ஏறும், ஓட்டும்போதும் விடாது. பல்லு மோதுற சத்தம் கொஞ்சம் ஆர்பிஎம் ஏத்தினா அடங்கிடும், ஆயில் சூடாகி இளகினா கூடும். வி6 தம்பி, இதைப் பார்த்துட்டு வந்து சொல்லு. மிதிக்கும்போது புதுசா ஒரு சத்தம் ஆரம்பிச்சா அது ரிலீஸ் பேரிங், அதையும் கவனி.

கானாடுகாத்தான் வி6:
பார்த்துட்டேன் அண்ணே. மிதிச்சா நின்னுடுது, மிதிக்கிறப்ப புதுச் சத்தம் எதுவும் இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணப்ப கம்மி. திருமயம் வரைக்கும் போய்ட்டு வந்து ஷெட்டுல நிறுத்தினப்ப நல்லாவே கேட்டுச்சு. லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்தா 1,300 கிட்ட மறைஞ்சிடுது. இன்னொண்ணு: கடைத்தெருவுல 4வது கியர்ல மெதுவா உருட்டிக்கிட்டுப் போய் ஆக்சிலரேட்டரை அமுக்கினா அதே சத்தம் லேசா வருது.

புதுவயல் ரைஸ்மில்:
கடைசியா எழுதியிருக்கீங்களே, அதுதான் சமாச்சாரம். நியூட்ரல்ல பல்லுக்கு லோடு கிடையாது, மோதினா மோதிட்டுப் போகட்டும். கியர்ல, லோடுல, அடி ஆர்பிஎம்ல அந்த உதை போனா சிங்க்ரோ (கியர் மாத்தும்போது வேகத்தை ஒத்துப் போக வைக்கிற வளையம்), பேரிங், பின் சக்கரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரென்ஷியல் வரைக்கும் போகும். ரஸ்தா அண்ணன் அதைப் பத்திப் பேசவே இல்லை. கிளட்ச் தயாரிக்கிற ஜெர்மன் கம்பெனி லுக் (LuK) டூயல் மாஸ் ஃப்ளைவீலைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டு வந்தது 1985ல. 40 வருஷமா செலவையும் எடையையும் பொறுத்துக்கிட்டுக் கம்பெனிக்காரன் அதைப் போடறான்னா விளையாட்டுக்கா போடறான்? டிராக்ல ஓட்டுறவனுக்கு லைட்வெயிட் சரி. காரைக்குடிக்குப் போய்க் காய்கறி வாங்குற வண்டிக்கு எதுக்கு?

தேவகோட்டை ரஸ்தா:
370இசட்ல காய்கறி வாங்குறவரை எனக்கு அறிமுகப்படுத்தி வைங்க.

டூயல் மாஸும் சாகா வரம் வாங்கி வந்ததில்லை. உள்ளே ஸ்பிரிங் தேயும், கிரீஸ் காயும், அப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணும்போது தடால்னு ஒரு இடி கொடுக்கும். சிங்கிள் மாஸ்னா லேத்துல மேல்பக்கத்தைச் சீவிட்டு மறுபடி போடலாம். 4வது கியர்ல கடைத்தெருவுல உருட்டினா எந்த வண்டியும் திட்டத்தான் செய்யும். 2வதுக்கு இறக்கு, சத்தம் போயிடும்.

புதுவயல் ரைஸ்மில்:
சாயங்காலம் செக்காலை ரோட்டுல ஓட்டிப் பாருங்கண்ணே. நின்னு நின்னு எடுக்கணும். ஃப்ளைவீல்ல எடை இல்லைன்னா கிளட்ச்சை விடுற நேரத்துல இன்ஜின் பொசுக்குன்னு அணையும். அணையக் கூடாதுன்னு ஆர்பிஎம் ஏத்தி எடுத்தா பிளேட் தேயும். ஓட்டுறவன்தான் பழகிக்கணும்னு சொல்றது கம்பெனி செஞ்ச வேலையைக் கெடுத்துட்டுச் சொல்ற சமாதானம்.

அதை விடுங்க. யாருமே கேக்காத ஒண்ணு. புதுப் பிளேட்டுல நடுவுல ஸ்பிரிங் இருக்கா? டூயல் மாஸ் வண்டிகள் பலதுல கம்பெனி பிளேட் ஸ்பிரிங் இல்லாம மொட்டையா வரும், ஏன்னா அந்த வேலையை ஃப்ளைவீல் பார்க்குது. சிங்கிள் மாஸ் போட்டுட்டு அதே மொட்டைப் பிளேட்டையும் போட்டிருந்தா நடுவுல உதை வாங்க ஆளே இல்லை. அப்படின்னா நான் ஸ்பேனர் கட்சி, இறக்கித்தான் ஆகணும்.

பள்ளத்தூர் ஸ்பேனர்:
ஒருவழியா ஒருத்தராவது வந்தார். கூடவே கியர் ஆயிலை இறக்கி வெள்ளைத் துணியில வடிகட்டிப் பாருங்க. டிரெயின் போல்ட்டுல காந்தம் இருந்தா அதுல என்ன ஒட்டியிருக்குன்னும் பாருங்க. பேரிங் போயிருந்தா அங்க தெரியும்.

கானாடுகாத்தான் வி6:
மாட்டுறதுக்கு முன்னாடி மெக்கானிக் எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கினேன். பிளேட்டுல ஸ்பிரிங் இருக்கு, தெளிவாத் தெரியுது. ஆயிலை பழைய வேட்டித் துணியில வடிகட்டியாச்சு. காந்தத்துல சாம்பல் நிறத்துல மை மாதிரி கொஞ்சம், விரல்ல தேய்ச்சா நெருடலே இல்லை. தகடு, துணுக்கு எதுவும் கிடையாது. ஆனா பில்லைப் பார்த்தா ஜிஎல்-5 தரத்துல, 80டபிள்யூ-90 கெட்டியில ஆயில் ஊத்தியிருக்காங்க. அது சரியா?

தேவகோட்டை ரஸ்தா:
சரியில்லை. இந்த கியர் பாக்ஸுக்கு நிசான் சொல்றது ஜிஎல்-4 75டபிள்யூ-85. ஜிஎல்-5ல கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். டிஃபரென்ஷியலுக்கு அது நல்லது, பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது. ஆனா சத்தம் குறையும்னு நினைச்சு மாத்தாதே. 75டபிள்யூ-85 சூட்டுல இன்னும் இளகலா இருக்கும், கடகட ஒரு சுண்டு கூடினாலும் கூடும். சிங்க்ரோவுக்காக மாத்து.

சாம்பல் மை சாதாரணத் தேய்மானம்தான். இறக்க வேண்டாம்.

பள்ளத்தூர் ஸ்பேனர்:
ஆக எல்லாரும் சேர்ந்து நார்மல்னு கையெழுத்துப் போட்டாச்சு. நான் போட மாட்டேன். துணி சுத்தமா இருந்தா இன்னைக்கு பேரிங் நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். ஆயில் மாத்தின பிறகு மழை சீசன் வரைக்கும் ஓட்டிட்டு மறுபடி வடிகட்டிப் பாருங்க. நடுவுல உய்ங் சத்தம் ஆரம்பிச்சா ரஸ்தா அண்ணனைக் கேக்காம இறக்கிடுங்க.

புதுவயல் ரைஸ்மில்:
அதுக்கு நானும் சரி. பழைய டூயல் மாஸ் எங்க இருக்கு? தூக்கிப் போட்டுடாதீங்க. கையால ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சுழற்சியில எவ்வளவு ஆட்டம், பக்கவாட்டுல எவ்வளவு ஆட்டம்னு அளந்து நிசான் சொல்ற அளவோட ஒப்பிடச் சொல்லுங்க. அளவுக்குள்ள இருந்தா அடுத்த பிளேட் மாத்தும்போது அதுவே திரும்பப் போகட்டும், அதுக்கான பிளேட்டோட.

கானாடுகாத்தான் வி6:
மெக்கானிக் கிட்டதான் கிடக்கு. பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்கன்னு இப்பத்தான் போன் பண்ணினேன். சரி, ஆயில் மட்டும் மாத்திட்டு இப்படியே ஓட்டுறேன். தை மாசம் சித்தப்பா மகன் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேணும்னு நிக்கிறான். மேளச் சத்தத்துல கடகட யாருக்கும் கேக்காதுன்னு நினைக்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா:
கேக்காதுதான். ஆனா நாதஸ்வரக்காரர் நடைக்கு ஈடா, 1வது கியர்ல, அரைக் கிளட்ச்ல, லைட்வெயிட் ஃப்ளைவீலோட ஊர்வலமா? மண்டபத்து வாசல்ல பிளேட் நாத்தம் வரும். வேண்டாம் தம்பி.

புதுவயல் ரைஸ்மில்:
இதுல ரஸ்தா அண்ணன் பக்கம். ஆட்டோமேட்டிக் ஒண்ணு சொல்லி வைங்க.

பள்ளத்தூர் ஸ்பேனர்:
எங்கிட்ட பழைய அம்பாசடர் இருக்கு. சத்தம் வரும், ஆனா அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியும்.